முந்நூற்று இருபது மடிப்பு

அரால் கடற்கரை என்பது பழக்கத்தில் சொல்வது.
தண்ணீர் போய் என் வயதாகிறது.
அங்கிருந்து எண்பது கிலோமீட்டரில் எங்கள் எரிவாயு நிலையம்,
இரண்டு டர்பைன்கள்.
அவை மூச்சிழுக்கத் தனியாக ஒரு வீடு, ஜன்னல் இல்லாதது,
உள்ளே வரிசைக்கு முப்பதாய்க் காகித உருளைகள்.
வாரம் இருமுறை அங்கே நுழைவது நான்தான்
கையில் டார்ச், காதில் பஞ்சு.

காற்று இங்கே காற்றாக மட்டும் வருவதில்லை.
மீன் செத்த மண், பருத்தி வயலின் பழைய மருந்து,
எல்லாவற்றுக்கும் மேலே உப்பு.
நாக்கை நீட்டி நின்றால்
சூப்புக்கு உப்பு மிச்சம் என்பான் குவானிஷ்.

வசந்தத்தில் புது உருளைகள் வந்தன.
பழையதில் இருநூற்றுப் பத்து மடிப்பு
புதியதில் முந்நூற்று இருபது.
கொள்முதல் அதிகாரி குல்பர்ஷின் திரையில் காட்டினார்:
மடிப்பு கூடினால் பரப்பு கூடும்
பரப்பு கூடினால் காற்று நிதானமாய் நுழையும்
நிதானமாய் நுழைந்தால் உருளைக்கு ஆயுள் கெட்டி.
கணக்கில் பிழையில்லை. நானும் தலையாட்டினேன்.
கணக்கில் தூசும் இல்லை
என்பதுதான் யாருக்கும் உறைக்கவில்லை.

தண்ணீர் இல்லாத ஊரில்
அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தில்தான் அளக்கிறோம்.
முப்பது மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய மானி
முதல் நாளே நாற்பத்தாறு.
ஒரு துகள் படியாத உருளைகள், பால் வெள்ளை.
மானி கோளாறு என்று எழுதினேன்.
மானியை மாற்றினேன்.
நாற்பத்தாறு.

மூன்றாம் வாரம் மூடுபனி இறங்கியது.
உப்பு ஈரம் குடித்தது.
எழுபது, தொண்ணூறு, நூற்றுப் பதினைந்து.
உள்ளிருந்து அழுத்தக் காற்று டப், டப் என்று உதைத்தது
உதிர வேண்டியது உதிரவில்லை.
விடிகாலை மூன்று மணிக்கு
டர்பைன் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.
எங்கோ ஒரு நாய் குரைப்பது
இந்த வேலையில் சேர்ந்து முதல் தடவையாகக் கேட்டது.

குவானிஷ் ரம்பம் எடுத்து வந்தான்.
ஓர் உருளையை நெடுக்கில் பிளந்தோம்.
முகட்டுக்கு முகடு உப்பு பாலம் கட்டியிருந்தது,
கெட்டியாய், சாம்பல் நிறத்தில்,
ஒரு காலத்தில் அலை மேல் கிடந்த பழக்கம் போலும்,
மடிப்பைக் கண்டதும் படுத்துவிட்டது.
பாலத்தை நகத்தால் பெயர்த்து
டார்ச்சை உள்ளே சாய்த்தேன்.
வெள்ளை.
சுவரோடு சுவர் ஒட்டிய பள்ளங்களில்
காற்று எட்டியே பாராத,
காசு கொடுத்து வாங்கிய வெள்ளை.
அடிக்கோல் வைத்து அளந்தேன்:
மூன்றில் இரண்டு பங்குக் காகிதம்
வேலைக்கே வரவில்லை.
"என் மச்சான் மாதிரி" என்றான் குவானிஷ்.

ஆலைக்கு எழுதினேன்:
நூற்றுத் தொண்ணூறு மடிப்பு போதும்.
வாய் அகலமாய், அடி குறுகலாய் இருக்கட்டும்.
மடிப்புகள் சாய்ந்து ஒன்றையொன்று தொடாதபடி
இடையில் ஓடும் பசைக் கோட்டைத் தடிப்பாய்ப் போடுங்கள்.
பதிலில் விலை வந்தது.
அதே விலை.

"காகிதம் பாதியாகக் குறைந்திருக்கிறது,
எதற்கு இவ்வளவு?" என்றார் குல்பர்ஷின்.
நடுவில் விடுகிற சந்துக்கு என்றேன்.
"சந்துக்குமா காசு?"
பிளந்த உருளையை மேசையில் வைத்தேன்.
விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை.
மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப முயன்றார்.
கையெழுத்துப் போட மேலும் ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்,
அது வேறு கதை.

இன்று மானி இருபத்தொன்பது.
மூடுபனிக் காலையில் முப்பத்தெட்டு வரை போய்
இரண்டு உதையில் இறங்கி வருகிறது.
தரையில் உப்பு பொத்தென்று விழும் சத்தம்
பஞ்சைத் தாண்டி கேட்கிறது எனக்கு.

பிளந்த உருளை கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது.
அந்த வெள்ளைப் பள்ளங்களில்
கேன்டீன் ரசீதுகளைச் செருகி வைக்கிறோம்.
ஒன்றும் நழுவுவதில்லை.