மாற்றுப் பார்த்தல்

பணகுடிக்குத் தெற்கே செம்மண் மேட்டின் பின்னால்
எங்கள் ரைபிள் கிளப்புக்கு நூறு மீட்டர் வெளி.
ஆனி மாதக் காற்று அங்கே
ஆளைக் கேட்காமல் தொப்பியைக் கழற்றும்.

மூன்று பெட்டிகள் வந்திருந்தன.
ஒரு ஞாயிறு மட்டும் வைத்துப் பாருங்கள்,
பிடித்ததற்குப் பணம் அனுப்புங்கள்
என்றிருந்தார் மதுரைக் கடைக்காரர்.
குரோனோகிராஃப்னா கடிகாரமாக்கா
என்று கேட்டான் டீ கொண்டுவந்த பையன்.
கடிகாரந்தான்.
ஒரு குண்டு முழத் தூரம் கடக்கும் நேரத்தைச் சொல்லும்.

வெள்ளி வரைக்கும் நான்
கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர்.
உரைகல்லில் இழுத்த கோட்டைப் பார்த்து
எத்தனை மாற்று என்று சொல்லிப் பிழைக்கிறவள்.
சனி இரவில் அதே விரல்களால்
மருந்து நிறுக்கிறேன்,
உரிமத்தில் எண்ணிக் கொடுத்த தோட்டாக்களுக்கு.
தங்கமோ மருந்தோ,
தராசுக்குப் பக்கத்தில் மின்விசிறி ஆகாது.

முதல் பெட்டி கொம்பையா அண்ணாச்சிக்குப் பிடித்தது.
குழலின் கழுத்தில் வாரால் கட்டவேண்டும்;
குண்டு போவதைக் காந்தம் உணரும்.
கட்டினோம்.
கனத்த ஜிமிக்கி போட்டவள் தலை சாய்ப்பதுபோல்
துளைகள் இரண்டு விரல் கீழே இறங்கின.
‘வேகத்தைச் சரியாத்தான சொல்லுது?’
வேகம் சரிதான் அண்ணாச்சி.
துப்பாக்கி வேறாகிவிட்டது.

இரண்டாவது ரேடார்.
செங்கல் அளவு, விலை ஸ்கூட்டர் அளவு.
மீரான் அதைக் கைக்குழந்தையாய்த் தூக்கி வந்து
மேசையில் வைத்தார்.
வெயில் வேண்டாம், கம்பி வேண்டாம், வார் வேண்டாம்.
நான் சுட்டதற்கு ஓர் எண் தந்தது.
நான் சுடாததற்கும் ஓர் எண் தந்தது:
பக்கத்து மேடையில் சங்கரவடிவு சுட்டிருந்தாள்.
‘சவம், யார் பெத்த பிள்ளைக்கும்
பேர் வைக்குதே!’ என்றாள் அவள்.

மூன்றாவது,
முக்காலியில் இரண்டு கண் வைத்த பழைய மாதிரி.
குண்டின் நிழல் முதல் கண்ணைத் தாண்டி
இரண்டாம் கண்ணுக்குப் போகும் இடைவெளிதான் கணக்கு.
காற்று இரண்டு தடவை உருட்டிவிட்டது.
முக்காலி நடுவில் ஹாலோபிளாக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம்.
நாலு மணிக்கு மேற்கே நின்ற காற்றாலை
தன் நிழலை எங்கள் பக்கம் நீட்டியது.
இறக்கை நிழல் கண்ணில் விழும்போதெல்லாம்
பெட்டி எண் சொல்லாமல்
‘பிழை’ என்றது.
ஐந்துக்கு ஒன்று பிழை.
எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை.
கல் பதித்த அட்டிகை வந்தால்
தெரியவில்லை, கழற்றிப் பார்க்கவேண்டும்
என்று எழுதுவேன் நான்.
அப்படி எழுதத் தெரியாத இரண்டு பேர்
என் சர்வீஸிலேயே சஸ்பெண்ட் ஆகியிருக்கிறார்கள்.

நிழல் நகர்ந்த பின் பத்துத் தோட்டா சுட்டேன்.
நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த அளவு.
தாளில் எல்லாம் ஐந்து ரூபாய்க் காசுக்குள்.
அண்ணாச்சி சராசரியைப் பார்த்து முதுகில் தட்டினார்.
நான் ஓரங்களைப் பார்த்தேன்.
கூடினதற்கும் குறைந்ததற்கும் நடுவே
வினாடிக்கு எண்பத்தாறு அடி.
நூறு மீட்டர் மன்னித்துவிடும்.
தூத்துக்குடிப் போட்டியில் முந்நூறு.

ஏழாவதும் எட்டாவதும்தான் விலகி நின்றன.
யோசித்தபோது நினைவு வந்தது:
கரண்ட் போய்த் திரும்பிய இரவு அது.
விசிறி தானாகச் சுற்றியது.
கழுத்து வேர்வை ஆறட்டும் என்று
இரண்டு தோட்டா நேரம்
விட்டிருந்தேன்.

கிளப் நோட்டில் ‘மூன்றாவது’ என்று எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
‘விலை குறைவு.’
மீரான் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சனிக்கிழமை
தராசை எடுக்கும் முன்
விசிறி சுவிட்சை அணைத்து
மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன்.