எடைத்தாள்

செலேத்தார் நிலையத்தில் விடிய ஐந்து மணிக்கு
என் தராசு விழிக்கும்.
பெரிய விமானங்கள் எல்லாம் சாங்கியில்.
எங்களுடையது நாற்பத்தாறு இருக்கை, இரண்டு விசிறி.
கலிமந்தான் காட்டுக்குள் ஒரு செம்மண் ஓடுபாதை,
அது முடிகிற இடத்தில் பாக்சைட் சுரங்கம்.
வாரத்தில் இருமுறை போகும், வரும்.
விளம்பரம் கிடையாது.
காப்பி வேண்டுமென்றால்
ஜாலான் காயுவில் பரோட்டாவோடு குடித்துவிட்டு வரவேண்டும்.

சட்டை, சப்பாத்து, கைப்பை, கைப்பேசி
எல்லாவற்றோடும் ஏறுங்கள் என்பேன்.
தராசில் ஏறும்போது ஆம்பிளைகள்
ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்?
வயிறு உள்ளே போனால் எடை குறையுமா?

பெட்டி பதினைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது.
சகாயராஜ் மூன்று சட்டைகளை
ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு வந்தான்.
பெட்டி பதினைந்து. அவன் எழுபத்தெட்டு.
போன முறை எழுபத்து நான்கு.
"வீட்டுச் சாப்பாடு, அக்கா" என்றான் வேர்க்க வேர்க்க.
வெடி வைக்கிற லியோங்
பதினோரு வருடமாக அறுபத்திரண்டு.
அவரை நிறுத்தித் தராசைச் சரிபார்க்கலாம்.

ஆறு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
யாருக்குக் கல்யாணம் கூடியது, யாருக்குச் சர்க்கரை,
யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை,
எல்லாம் கிலோவில் தெரியும்.
கேட்டதில்லை.

அங்கிருந்து வரும் தாளை டாமியானுஸ் எழுதுவான்.
ஆளைப் பார்த்ததில்லை.
ஏழின் இடுப்பில் குறுக்கே கோடு போடுகிறவன்.
அவனுடைய ஒன்பதுக்கு வால் நீளம்.
குறிப்புக் கட்டத்தில்
காற்றும் ஓடுபாதை நிலையும் தவிர எதுவும் எழுதக்கூடாது.
அவன் மலாயில் எழுதுவான்:
ஓடுபாதையில் பன்றி. துரத்திவிட்டோம்.
மழை நின்றது. நீங்கள் சாப்பிட்டீர்களா?
அடுத்த தாளில் நான்: சாப்பிட்டேன்.
பதில் போய்ச்சேர மூன்று நாள்.
அதற்குள் ஒன்பது முறை சாப்பிட்டிருப்பேன்.

ஏப்ரலில் விலை விழுந்தது.
எவ்வளவு என்று திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள்.
"விமானம் இறங்குவதைப் போல" என்றார்
டை கட்டிய ஒருவர்.
விமானம் அப்படி இறங்கினால்
நான் ஜென்மத்துக்கும் தூங்கமாட்டேன்.

கடைசிப் பயணம்.
ஆளில்லாமல் போய், எல்லோரையும் ஏற்றி வர.
ஆளில்லாத விமானம் இலேசாகப் பறக்கும் என்று நினைப்பீர்கள்.
அதற்கு நிற்கவே தெரியாது.
வால் கனக்கும், மூக்கு அலையும்.
முன்னறையில் மணல் மூட்டை ஏற்றினோம்,
இருபத்தைந்து கிலோ வீதம் ஆறு.
பெயர் எழுதும் கட்டங்களில் எழுதினேன்:
மணல். மணல். மணல்.
ஒரு மூட்டைக்கு வாய் கிழிந்திருந்தது.
கையில் அள்ளிப் பார்த்தேன்.
இந்தத் தீவுக்குச் சொந்த மணல் ஏது?
கடலைத் தூர்க்க விலைக்கு வாங்கியது,
எந்த ஆற்றின் அடிவயிறோ.

மாலையில் வந்துவிட்டார்கள்.
நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு தலைக்கவசம்,
தரையெல்லாம் செம்மண் காலடி.
வருகிறவர்களை நான் நிறுப்பதில்லை.
தராசை அணைத்திருந்தேன்.
ஆனாலும் லியோங் பழக்கத்தில் ஏறி நின்றார்,
மூச்சைப் பிடிக்காமல்,
எண் வருமென்று.

நிறைந்த விமானத்தில் மூட்டைக்கு இடமிருக்கவில்லை.
தாளின் அடியில், செம்மண் கைரேகைக்குப் பக்கத்தில்:
மணல் இங்கே இறக்கப்பட்டது. ஆறு மூட்டை.
ஒன்று கிழிசல், தைத்துவிட்டேன்.
எப்போது வந்து எடுப்பீர்கள்?

பதில் போக விமானமில்லை.
பதிவேட்டில், திரும்ப வரவேண்டியவை என்ற பத்தியில்,
மணல், நூற்றைம்பது கிலோ.
மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற ஷர்மினி கேட்கிறாள்,
"மண்ணுதானே, அடித்துவிடலாமா?"

வரவேண்டியிருக்கிறது என்கிறேன்.
பேனாவை அவள் கையில் கொடுப்பதில்லை.