விலாச வரலாறு

பத்து வருஷம் எங்கே இருந்தீர்கள்,
மாதம் மாதமாகச் சொல்லுங்கள் என்கிறது படிவம்.
இடைவெளி கூடாது.
தபால் பெட்டி எண் செல்லாது.

ராத்திரி பதினொன்று. ஈஜிபுராவில்
டேங்கர் வந்துபோன ஈரம் இன்னும் தெருவில்.
உனக்கு நைட் ஷிப்ட் இல்லாத ஒரே கிழமை.
லேப்டாப்புக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
ஒன்றின் கால் லேசாக விரிந்தது,
வழக்கம்போல அதில் நான்.

முதன்மை விண்ணப்பதாரர் நீ, ஜெசிந்தா.
ஐ.சி.யூ. நர்ஸ், எட்டு வருஷ அனுபவம்,
ஆங்கிலத் தேர்வில் காதுக்கு எட்டரை, வாய்க்கு ஏழு.
வாய்க்கு இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம் என்றேன்.
சிரித்தாய்.
நான் உன்னைச் சார்ந்தவன்.
படிவத்திலேயே அப்படித்தான் இருக்கிறது:
சார்ந்தவர், ஒன்று.
ஜூனில் உனக்கு வயது ஏறும்.
ஏறினால் மதிப்பெண் இறங்கும்.
அதற்குள் முடிக்கவேண்டும் என்றுதான்
சப்பாத்தி மாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
உன் அப்பா சவரிமுத்து போய் உட்கார்ந்தார்.
இனி ஏர்போர்ட்டுகளில்
அவரைத்தான் கூப்பிடுவார்கள்.
தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷம்
கப்பலுக்கு உப்பு மூட்டை ஏற்றி
ஒருநாளும் கடல் தாண்டாதவர்.

விலாசங்களை நான் சொல்ல நீ அடித்தாய்.
விவேக் நகர், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால், ஒற்றை அறை.
வியாழக்கிழமை நெரிசலில்
யார் யாரோ நம் படியில் செருப்பை விட்டுப்போவார்கள்.
ஆஸ்டின் டவுன், ஷீட் வீடு, ஏழு மாதம்.
பிறகு இது, நஞ்சப்பாவின் மாடி,
பத்து மாத அட்வான்ஸ், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது.

எனக்கு முடிந்துவிட்டது.
உன் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி:
2018 ஆகஸ்ட் ஒன்பது முதல் நவம்பர் முப்பது வரை
விவரம் இல்லை.

இதே வீட்டைப் போட்டுவிடு என்றேன்.
பொய் சொன்னால் தடை போடுவார்கள் என்றாய்,
ஆங்கிலத்தில், அந்தப் படிவத்தின் குரலில்.

நூற்றுப் பதினாலு நாள்.
உன் வளையலின் அடகுச் சீட்டு
என் சட்டைப் பையில் இருந்ததை
துவைக்கப் போட்டபோது நீ பார்த்த வாரத்திலிருந்து
கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாங்கிக்கொண்டு
ஒன்றுமே நடக்காததுபோல நீ படியேறிய மாலை வரை.
எங்கே இருந்தாய் என்று நான் கேட்டதில்லை.
ஊரில் இருந்திருப்பாய் என்று வைத்துக்கொண்டேன்.
வைத்துக்கொண்டது அப்படியே
பீரோவுக்கு மேலே பெட்டி மாதிரி இருந்தது,
தூசி தட்டாமல்.

இப்போது ஏதோ ஒரு நாட்டின் அரசாங்கம்
எனக்காகக் கேட்கிறது.

நீலசந்திரா, பஜார் தெரு என்று அடித்தாய்.
மாவு மில்லுக்கு மேலே, இரண்டாவது மாடி.

அந்த மில்லா?
அங்கேதான் அந்த செப்டம்பரில்
முதல் தடவையாகத் தனியாக மிளகாய் அரைக்கப் போனேன்.
அளவு தெரியாமல் இரண்டு கிலோ.
மேலே யாரோ விடாமல் தும்மினார்கள்.
மில்காரன்கூட நிமிர்ந்து பார்த்தான்.

நான்தான் என்றாய், திரையைப் பார்த்தபடி.
பையை மறந்துட்டு வந்து
லுங்கியோட திரும்ப ஓடினியே, அதையும் பார்த்தேன்.

உறவு உண்மையானது என்பதற்கு
இருபது போட்டோ இணைத்திருக்கிறோம்.
மைசூர் மிருகக்காட்சிசாலை, உன் தம்பி கல்யாணம்,
கூட்டுக் கணக்குப் புத்தகம்.
தும்மலை எதில் இணைப்பது.

பின்கோடு? என்றேன்.
நம்மதுதான், நாற்பத்தேழு என்றாய்.

சிவப்பு எழுத்து மறைந்தது.
அடுத்த பக்கம்,
எப்போதாவது பிரிந்து வாழ்ந்ததுண்டா என்று கேட்டு
ஆம், இல்லை,
இரண்டு சின்ன வட்டம் வைத்திருந்தது.
நீ டீ போட எழுந்தாய்.
பால் இருக்கா பாரு என்றேன்.
சேவ் பண்ணு என்றாய் அடுக்களையிலிருந்து,
கரண்ட் போயிடும், முதல்ல சேவ் பண்ணு.