மூன்றாம் படியிலிருந்து

குணவதி,
இதை மைக்கில் சொல்லத்தான் நினைத்தேன்.
மைக் சகாயத்தின் கையில் இருந்தது.
அவர் வாங்குவார், கொடுக்கமாட்டார்.

கோத்தகிரி சிமெண்ட் தரைக்கு மேற்கே
மூன்றாம் படி, கம்பியோரம்:
பத்தொன்பது வருடமாக என் இடம்.
உனக்கு என்னைத் தெரியாது.
ஒரே ஒருமுறை, எல்லை தாண்டிய பந்து
என் மடியில் விழுந்தபோது
"அக்கா, பந்து" என்றாய்.
சேற்று வட்டத்தோடு அந்தச் சேலை
இரண்டு நாள் கொடியில் கிடந்தது,
துவைக்க மனசில்லாமல்.

உனக்கு என்ன கொடுப்பது என்று
நஞ்சுண்டன் மருந்துக்கடை மாடியில்
மூன்று ஞாயிறு கூட்டம் போட்டோம்.
குக்கர் வேண்டாம் என்பதில் மட்டும் ஒற்றுமை.
ஜெயித்தபோதெல்லாம் குக்கர் தந்த ஊர் இது;
உன் தங்கைகள் மூவரின் சீரும்
அதிலேயே முடிந்ததாகப் பேச்சு.
மோதிரம் என்றான் லாரிக்கார ரஃபீக்.
முழங்காலுக்கு ஸ்கேன் என்றாள் நர்ஸ் டெல்பின்.
அவள் சொன்னதுதான் சரி,
அதனாலேயே யாரும் கேட்கவில்லை.
சால்வை, கேடயம் என்று முடிந்தது.
கேடயத்தில் உன் பெயர்
'குணாவதி' என்று வந்துவிட்டது.
கோயம்புத்தூரில் அடித்தது, திருத்த நாளில்லை.
தேய்ந்த மூட்டுக்கு
ஒரு துணைக்கால் என்று வைத்துக்கொள்.

கடைசி ஆட்டம். எதிரே அருவங்காடு.
இரண்டு நிமிடம் நாற்பது நொடி மிச்சமிருக்க
கோடநாட்டுப் பக்கமிருந்து மஞ்சு இறங்கியது.
முதலில் வளையம் போனது,
பிறகு பலகை, பிறகு கம்பம்,
பிறகு நடுவரின் விசில் மட்டும்.
வழக்கமாக இந்நேரம் குடையை உதறிக்கொண்டு
பஸ் பிடிக்க ஓடியிருப்போம்.
ரஃபீக் லாரியின் விளக்கைப் போட்டான்.
வெள்ளை இன்னும் வெள்ளையானது.

யாரோ ஒரு பொடியன்:
"ஒண்ணே ஒண்ணு போடுக்கா!"

பந்து தரையில் தட்டியது, இரண்டு முறை.
உன் வலது ஷூ கீச்சிட்டது.
அப்புறம் ஒன்றுமில்லை.

வளையத்தில் வலை இல்லை, குணவதி.
அறுந்து இரண்டு வருடம்.
நகராட்சிக்கு ஐந்து மனு கொடுத்தாயிற்று.
சுத்தமாக விழுந்த பந்தும்
சுத்தமாகத் தவறிய பந்தும்
ஒரே மாதிரிதான் கேட்கும்.

மூன்று புள்ளி என்று அறிவித்தார் சகாயம்.
கோட்டை மிதித்தாள், இரண்டுதான் என்கிறான் நஞ்சுண்டன்,
எதைப் பார்த்தானோ.
டீக்கடையில் இன்னும் அந்த வழக்கு நடக்கிறது.
விழுந்ததா என்று மட்டும்
ஒருவரும் எழுப்புவதில்லை.

நீ ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
ஏழு நாற்பது சோலூர்மட்டம் பஸ்ஸில் ஏறினாய்.
உன் டிக்கெட்டுக்கு நாங்கள் நான்கு பேர்
காசை நீட்டிச் சண்டை போட்டதில்
உன்னிடம் யாரும் சரியாக விடைபெறவில்லை.
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாய்.
எங்களைத்தானா, தெரியவில்லை.

கேடயத்தைப் படியிலேயே விட்டுப் போய்விட்டாய்.
என் வீட்டு அரிசி டப்பா மேல் இருக்கிறது.
மறந்ததா, வைத்துவிட்டுப் போனதா?
ஞாயிறு கொண்டுவரட்டுமா,
வேண்டாமா?