எதிர்வாசல்

பள்ளத்தூரில் முகப்பில் நின்றால்
பின்தெரு ஆடு வரை தெரியும்.
ஐந்து வாசலும் ஒரே கோடு.

வீடு அளக்க வந்த சிப்போரா
நாடாவை மடக்கினாள்:
"எங்கள் யூதச் சட்டத்தில்
வாசலுக்கு நேரே வாசல் கூடாது.
அடுத்தவர் முற்றத்தைப் பார்ப்பதே சேதம்."

நான் புள்ளிவரிப் பட்டியலில் இருந்தேன்.
ஒரே பாக்கி, வயிரவன்.
நாளை கோயில் பலகையில் ஒட்டணும்.

"அப்ப ஊர் கேட்கக்கூடாதா?"
"கேட்காவிட்டாலும் குற்றம்.
ஒருவருக்கொருவர் ஜாமீன் நாங்கள்.
பசி தெரியணும்,
முகம் தெரியக்கூடாது."
எப்படி என்றேன்.
ஏணியில் ஏறிவிட்டாள்.

அந்தப் புள்ளியின் அடுப்பு
மூன்று நாளாய்ப் புகையவில்லை.
என் ஜன்னல் அவர்கள் இரண்டாம்கட்டைப் பார்க்கும்;
இதை யாரிடமும் சொன்னதில்லை.

'வரவு' என்று எழுதி என் பணத்தை வைத்தேன்.
ராத்திரி ஜன்னலைச் சாத்தப் போய்
கொக்கியில் கைவைத்து நின்றேன்.

நாளைக்கும் தெரிய வேண்டுமே.