சலவை அறையில் ரம்பை

பதினைந்து பாகைக்குக் கீழே போனால்
செத்துவிடும் என்றார் கடைக்காரர்.
பீல் நகரில், ஜனவரியில்,
நானும்தான் என்று சொல்லிப் பதினெட்டு பிராங்க் கொடுத்தேன்.

ஜன்னலோரம் வைத்தேன். கண்ணாடிக் குளிர் நுனியைத் தின்றது.
ஹீட்டர் பக்கம் வைத்தேன். ஓலை முறுகிக் காகிதமானது.
பெயர் என்னவோ ரம்பை.
ஆடுவதில்லை, பூப்பதில்லை,
முகர்ந்தால் வெறும் புல்.

கடைசியில் நிலவறைக்கு இறக்கினேன்.
ஒன்பது வீட்டுக்கும் ஒரே சலவை அறை,
நாள் முழுக்க வெந்நீர், நீராவி,
காயாத போர்வைகளின் ஈரம்,
வீதி மட்டத்தில் ஒரு துண்டுக் கண்ணாடி.
பீலில் அங்கே மட்டும் வருடம் முழுக்க மாரி.
மூன்றாம் வாரம் குருத்து விரிந்தது.
ஊன்றுகோல் மாதிரி வெள்ளை வேர் ஒன்று
தொட்டிக்கு வெளியே கால் வைத்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஷ்லிமான்
அட்டவணையோடு வந்தார்.
உங்களுக்குச் செவ்வாய் மட்டும்தானே,
இது எல்லா நாளும் நிற்கிறதே.
இது துவைப்பதில்லை என்றேன்.
யோசித்தார். அளவுநாடாவை இழுத்தார்.
நாற்பது சென்டிமீட்டர்.
எழுதிக்கொண்டு போனார்.

பிறகு இலைகள் காணாமல் போகத் தொடங்கின.
வாரம் ஒன்று, சிலவேளை இரண்டு.
பிய்த்த காயமில்லை. கத்தரிக்கோல்.
அடியிலிருந்து, முற்றிய ஓலையாய்ப் பார்த்து,
குருத்தைத் தொடாமல்.
கள்ளம்தான், ஆனால் தெரிந்த கை.

படியேறும்போதெல்லாம் மோப்பம் பிடித்தேன்.
முடிச்சுப் போட்டு உலையில் இட்டால்தானே
இந்தச் செடி வாய் திறக்கும்.
இரண்டாம் மாடியில் உருகிய சீஸ்.
மூன்றில் யாரோ வெள்ளையடிக்கிறார்கள்.
நாலாவதில், பெயரட்டை இன்னும் ஒட்டாத கதவுக்கு வெளியே,
சோறு.
மணிப் பொத்தான் வரை போன விரலை
மடக்கிக்கொண்டு இறங்கினேன்.
என்னவென்று கேட்பது?

தாயடியில் வந்த கன்றைப் பிரித்து
தயிர்க் குவளையில் நட்டுப் பக்கத்தில் வைத்தேன்.
எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெர்மனில் எழுதினேன்,
கீழே பிரெஞ்சில்,
அதற்கும் கீழே இடமிருந்ததால் தமிழில்.

ஐந்து வாரம்.
கன்று வைத்த இடத்தில் இருக்கிறது.
ஏஷ்லிமான் அதையும் அளந்துவிட்டார்.
இலை குறைவதெல்லாம் தாயில்தான்.

இன்று கறிக்கு ஓலை எடுக்க இறங்கினேன்.
அடியில் முற்றியது இரண்டு.
ஒன்றை வெட்டினேன்.
மற்றதில் கத்தரிக்கோலை வைத்தபோது
சுவரில் அட்டவணை கண்ணில் பட்டது:
நாலாம் மாடிக்கு வியாழன்.
நாளை.
விட்டுவிட்டு வந்தேன்.