தங்குமிடம்

அபிடிபி. கியூபெக்கின் வடக்கு.
பிப்ரவரியில் இங்கே மூச்சுக்கும் எடை உண்டு.
தகரக் கொட்டகைக்குள் நீள நீளப் பெட்டிகள்,
பெட்டிகள் நிறையக் கல் உருளைகள்,
முந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து
நேற்றிரவு ஏறி வந்தவை.

ஒடில் பெர்ஜெவான் கல்லை நக்கிப் பார்க்கிறாள்.
ஈரம் பட்டால்தான் நிறம் பேசும்;
தண்ணீர்ப் புட்டி வண்டியிலேயே உறைந்து கிடக்கிறது.

நிறுவனத்திடம் ஒரே ஒரு துளைக்குத்தான் பணம் மிச்சம்.
வரைபடத்தில் விரல் ஓட்டியவர்கள்,
பிளவு நேராகத்தானே போகிறது,
நேராகவே போ என்றார்கள்.
அவள் கேட்கவில்லை.
நேரான பிளவில் நீரும் நேராக ஓடிவிடும்.
நின்று இளைப்பாற
அதற்கு ஒரு முழங்கை வேண்டும்.

இருநூற்றெழுபது கோடி ஆண்டுக்கு முந்தைய
நீரைப் பற்றிச் சொல்கிறேன்.
பத்துக் கிலோமீட்டர் ஆழம்,
முந்நூற்றைம்பது டிகிரிச் சூடு,
கொதிக்கவும் விடாத அழுத்தம்.
பொன்னுக்குத் தனியாகப் பயணம் போகத் தெரியாது.
கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு
அந்த நீரில் கரைந்து வந்தது,
இருப்பதே தெரியாமல்.

நிலம் அதிர்ந்தது.
பிளவு வளையும் இடத்தில் பாறை வாய் திறந்தது.
அழுத்தம் சட்டென்று விழ
வெண்மையாக உறைந்தது குவார்ட்ஸ்.
வாய் மூடிக்கொண்டது.
மறுபடி அதிர்வு. மறுபடி வாய்.
ஆயிரம் தடவையோ, பத்தாயிரமோ,
எண்ணுவதற்கு அப்போது
ஒரு மீன்கூடக் கிடையாது.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில்
எந்திரத்தின் குரல் மாறியது.
இரவு வேலையில் இருந்த திமோத்தே வபனோனிக்
மரக்கட்டையில் ஆழத்தை எழுதி
பக்கத்தில், ‘வெள்ளை’ என்று கிறுக்கினான்.

மூன்று மீட்டர் குவார்ட்ஸ்!
பால் கட்டியானது போல.
ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு
அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார்கள் பகல் முழுக்க.
ஒரு பொட்டு இல்லை.
மேலாளர் திரும்பிப் போக
விமானச் சீட்டு எடுத்துவிட்டார்.

பக்கத்திலேயே கிடந்தது
யாரும் படம் எடுக்காத கல்.
அழுக்குப் பச்சையும் பழுப்புமாக,
இரும்பு கனக்கும் பழைய எரிமலைக் குழம்பு.
ஒடில் சுத்தியலால் ஒன்று போட்டாள்.
யார் இங்கே பூண்டு வதக்குவது,
என்றான் திமோத்தே.

பூண்டு இல்லை, ஆர்சனிக்.
அவள் சிரிக்கவில்லை.
இதையும் அறுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு என்றாள்.

பதினோரு நாள்.
பதினோரு நாளும்
காப்பி எந்திரம் பழுது.

வெள்ளைக் கல்: ஒன்றுமில்லை என்பதற்குக் கொஞ்சம் மேல்.
அழுக்குக் கல்: டன்னுக்குப் பதினான்கு கிராம்.

நடந்தது இவ்வளவுதான்.
வளைவில் நீர் தேங்கிச் சுவருக்குள் கசிந்தது.
சுவரில் இருந்த இரும்பு
கந்தகத்தைக் கண்டதும் இழுத்துக்கொண்டது.
துணை போன பிறகு
பொன் எங்கே போகும்?
நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.
தங்கியதால்தான் தங்கம் என்று சொல்லத் தோன்றுகிறது,
சொல்லாராய்ச்சிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

கொட்டகையில் கைதட்டல்.
மேலாளர் சீட்டை ரத்து செய்கிறார்.
யாரோ வசந்தத்தில் போடப்போகும் சாலையை
வரைபடத்தில் சிவப்பாக இழுக்கிறார்கள்.
அந்தக் கோடு போகும் ஏரிக்கரையில்தான்
திமோத்தே குளிர்காலம்தோறும்
மார்ட்டனுக்குக் கண்ணி வைப்பது.

பத்தொன்பது வருடமாகத் துளை போடுகிறான்.
பொன்னைக் கண்ணால் பார்த்ததில்லை.
எங்கே, காட்டு, என்கிறான்.
தெரியாது, அவ்வளவு பொடி, என்கிறாள் ஒடில்.
கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து
பெட்டியில் அதன் இடத்திலேயே வைக்கிறான்.
வெளியே வந்து
கையுறையை முகர்ந்து பார்க்கிறான்.
வாசனை இன்னும் போகவில்லை.